முதல் கை, இரண்டாம் கை

அந்தச் செவ்வாய்க்கிழமை அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். தாராவியிலிருந்து வருகிறவள்.

கோவண்டிக்காரி. என் இரண்டாம் கை. அது என்ன என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மாட்டுங்கா அங்கிள். பாலக்காட்டுக் குடும்பம். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதை மூடிய பிறகு இங்கே வந்தார். எங்களில் இங்கிலீஷ் சரளமாக வருவது அவருக்கு மட்டும்.

செம்பூர்க்காரன். சின்ன வயது. காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பான்.

ஆபீஸ் இருக்கிற ஐரோலியிலேயே வீடு உள்ள மராட்டிக்காரிகள். அக்காவும் தங்கையும்.

சயானிலிருந்து வருகிற ஒருத்தி. பிரசவத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

எங்கள் பக்கத்துச் சந்து அண்ணாச்சி.

தாணேக்காரர்கள் மூன்று பேர். ஒரே டப்பாவைப் பிரித்துச் சாப்பிடுகிற கூட்டாளிகள்.

ஆகப் பதினோரு பேர். டைப் அடிக்கிறவர்கள். எங்களுக்கு எதிரே மேனேஜரும் எச்.ஆர். மேடமும். சுவரில் பெரிய திரை. அதில் ஒரு வெள்ளைக்காரர். அவர் பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. எங்களிடம் பேச அவர் விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கிறார்.

அவர் நன்றி சொன்னார். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடியும் நன்றி சொன்னார். ரொம்ப நன்றி சொன்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கிள் என் பக்கம் சாய்ந்து, "முடிஞ்சுதும்மா" என்றார்.

முடிந்ததுதான். எங்கள் வேலை ஃபிலிப்பைன்ஸுக்குப் போகிறது. மாதக் கடைசி வரை இங்கே. பிறகு அங்கே. வேலை போயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகிற வேலையை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடம். கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்தில் லேபர் கேம்ப் என்கிற பேட்டையில் டைப்பிங் கிளாஸ் போனேன். இங்கிலீஷ் எழுத்து தெரியும். அர்த்தம் பாதி தெரியாது. இந்த வேலைக்கு அர்த்தம் வேண்டாம். கண்ணில் படுகிற எழுத்தை விரல் அடிக்க வேண்டும். அமெரிக்காவில் சீக்கானவர்கள் இன்ஷூரன்ஸுக்குக் கையால் எழுதிக் கொடுத்த பாரம். அதன் படம் எங்கள் கணினிக்கு வரும். பேர், பிறந்த தேதி, என்ன நோய், எந்த டாக்டர். பார்த்து அடிப்போம்.

ஒரு பாரத்தை இரண்டு பேர் அடிக்க வேண்டும். முதலில் அடிக்கிறவர் முதல் கை. அதே பாரம் இன்னொருவரிடம் போகும். அவர் இரண்டாம் கை. நான் என்ன அடித்தேன் என்று அவருக்குக் காட்டாது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் பாரம் போய்விடும். பொருந்தாவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். அது அங்கிள். அவர் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்.

எது நிஜம் என்று கணினிக்குத் தெரியாது. தனித்தனியாக உட்கார்ந்த இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் அது ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் நியாயம்.

பேசி வைத்துக்கொண்டு அடிக்கக் கூடாது என்று ஜோடியைப் பிரித்து உட்கார வைப்பார்கள். நான் வாசல் பக்கம். கோவண்டிக்காரி தூணுக்குப் பின்னால். வேலை நேரத்தில் அவள் தலைகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிறுக்கலைப் பார்த்ததும் இதை அவள் என்னவென்று எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷம் அப்படி ஓடியது. ரயிலில்கூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. எனக்குத் தாணே போய், வண்டி மாறி சயானில் இறங்கவேண்டும். அவளுக்கு வாஷி பக்கம் போய் மாறவேண்டும். ஐரோலி ஸ்டேஷன் வரை நடக்கிற நடைதான் எங்கள் பேச்சு.

எங்கள் சந்தில் இதை ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பார்கள். அது உண்மைதான். அதனால் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

சேர்ந்த புதிதில் ஒரு தடிப் புத்தகம் கொடுத்தார்கள். எந்த டாக்டரின் ஏழு ஒன்று மாதிரி இருக்கும், யார் ஐந்தை எஸ் மாதிரி போடுவார், எல்லாம் அதில் இருக்கும். ஓரத்தில் பென்சில் குறிப்பு. அதையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். யார் எழுதியது என்று கேட்டேன். இங்கே வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் என்றார் அங்கிள். அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்துல இருப்பா" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. வேலை அப்போது எங்களிடம் வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

திரை அணைந்த பிறகு எச்.ஆர். மேடம் பேசினார். நல்ல ஹிந்தி. எங்களைத் தீதி, அங்கிள்ஜி என்று கூப்பிட்டார். உங்கள் கணினியில் ஒரு பக்கம் திறக்கும், வேலையை விடும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சொந்த விருப்பம் என்று ஏற்கெனவே போட்டிருக்கும், வேறு எழுத வேண்டுமானால் அழித்துவிட்டு எழுதலாம், வீட்டுக் காரணம், உடம்பு சரியில்லை, எதுவானாலும் சரி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பட்டனை அமுக்கிவிடுங்கள் என்றார். அமுக்கினால் உடனே அனுபவச் சான்று கிடைக்கும்.

அங்கிள் கேட்டார். கம்பெனி எங்களை நிறுத்துகிறதா, நாங்கள் விடுகிறோமா என்று.

மேடம் சிரித்தார். இரண்டும் ஒன்றுதானே அங்கிள்ஜி என்றார்.

இரண்டும் ஒன்றில்லை. கம்பெனி நிறுத்தினால் வேலை பார்த்த வருஷத்துக்கு என்று ஒரு கணக்கு போட்டுக் கொடுக்க வேண்டும். நாமாக விட்டால் அந்தக் கணக்கு கிடையாது. இது எனக்கே தெரியும். தாராவியில் ஒரு பட்டறை மூடினால் முதலில் நடக்கிற சண்டை இதுதான்.

அப்போது மேனேஜர் வாயைத் திறந்தார். அமுக்காதவர்கள் பேரில் தேதி விஷயத்தைப் பதிய வேண்டி வரும் என்றார். பதிந்தால் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது.

தேதி விஷயம் இது. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், தேதி அடுத்து. எங்களுக்கு அது தெரியும். பாரத்தில் அச்சடித்த கட்டம் இருந்தால் தப்பு வராது. மழைக்கு முன்னால் ஒரு வாரம் புதுப் பாரம் வந்தது. கட்டம் இல்லை, வெறும் கோடு. நான் முதல் எண்ணைத் தேதி என்று அடித்தேன். கோவண்டிக்காரியும் அப்படியே. எல்லா ஜோடியும் அப்படியே. நம் ஊரில் பழகிய கை அப்படித்தான் போகும். பதிமூன்று, இருபது என்று வந்த இடத்தில் கண் நின்றது, மாதம் பதிமூன்று இல்லையே, மாற்றிப் போட்டோம். பன்னிரண்டுக்குள் இருந்ததெல்லாம் தலைகீழாகப் போயிற்று. மே எட்டில் பிறந்தவர் ஆகஸ்ட் ஐந்தில் பிறந்தார்.

கணினி ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. இரண்டு கையும் பொருந்தியதே. அங்கிளிடமும் எதுவும் போகவில்லை. அமெரிக்காவிலிருந்து கேட்டபோதுதான் தெரிந்தது. திருத்திக் கொடுத்தோம், ஞாயிற்றுக்கிழமைகூட வந்து. அன்றைக்கு மேனேஜர் சமோசா வாங்கிக் கொடுத்தார். இப்போது அதே தேதி அவர் கையில் கம்பாக வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். யாருக்கும் அவசரமில்லை. செம்பூர்க்காரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். தனக்கு வேறு இடத்தில் பேசி வைத்திருப்பதாகவும், சான்று மட்டும் போதும், நாளைக்கே அமுக்கிவிட்டுப் போய்விடுவேன் என்றும் நேராகச் சொன்னான். ஒளிக்காமல் சொன்னது நல்லது. மராட்டிக்காரத் தங்கை, போ போ, பார்ட்டி கொடுத்துவிட்டுப் போ என்றாள். சிரித்தோம்.

 அங்கிள் தேதியையே பேசிக்கொண்டு வந்தார். தன் கைக்கு ஒன்றுகூட வராமல் போனதே என்று அவருக்கு அது ஆறாத குறை.

"ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணினா மெஷினுக்கு அது சரி. நான் எதுக்கு அங்க உக்காந்துண்டிருந்தேன்?"

அந்தப் பேச்சு தாணே வரை என் கூடவே வந்தது. வண்டி மாறினேன். சயான் வரைக்கும் வந்தது.

வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு, வேறு பார்த்துக்கொள்ளலாம், கோர்ட்டு கச்சேரி என்று நம்மால் அலைய முடியாது என்றார்.

"வீடு அளக்க வந்தாவளே, அன்னைக்கு நீங்க தனியா கையெழுத்துப் போட்டீயளா?" என்றேன்.

எங்கள் சந்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தக் காகிதம் கொண்டு வந்தாலும் ஒரு வீடு மட்டும் போடாது. போட்டால் சந்து முழுக்கப் போடும். இல்லையென்றால் யாரும் இல்லை. காகிதம் கொண்டு வருகிறவர்கள் மத்தியான நேரத்தில், ஆம்பிளை இல்லாத வீடாகப் பார்த்து வருவார்கள். பெண்பிள்ளைகள் கதவைச் சாத்தமாட்டோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்போம். கையெழுத்து மட்டும் கொடுக்கமாட்டோம்.

"அது வீடு" என்றார்.

"இதும் அதான்."

அவர் ரசம் கேட்டார். ஊற்றினேன்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எல்லோரும் அதே கட்டத்தில் ஒரே வரியை அடிப்போம். யாரும் கத்த வேண்டாம். தர்ணா வேண்டாம். கட்டத்தில் எழுதலாம் என்று அவர்களே சொன்னார்கள், எழுதுவோம். ஒருத்தி எழுதினால் அவள் வம்பு பிடித்தவள். எல்லோரும் அதையே எழுதினால் அதுதான் நடந்தது.

அண்ணாச்சி, பொம்பளை சொல்லுறது சரிதான் என்றார். பொம்பளை சொன்னால் சரியாக இருக்காது என்று யார் சொன்னது என்று கேட்டாள் சயான்காரி. அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

அங்கிள் ஒரு வாசகம் எழுதிக்கொண்டு வந்தார். பாதிப் பக்கம். வணக்கத்தில் ஆரம்பித்து வணக்கத்தில் முடிந்தது. நீளமானால் எங்காவது ஓர் எழுத்து விட்டுப் போகும், ஓர் எழுத்து விட்டால் பொருந்தாது என்றேன். வெட்டினார். இன்னும் வெட்டச் சொன்னேன். கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி நின்றது. தமிழில் இது: நான் வேலையை விடவில்லை, நீங்கள் வேலையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள்.

"மொட்டையா இருக்கேம்மா" என்றார்.

"நம்ம வேலையே அதான அங்கிள். பாக்கிறத அடிக்கிறது."

கோவண்டிக்காரி எல்லாவற்றையும் கேட்டாள். எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு. வாடகை வீடு. வருகிற சம்பளம் இவளுடையது மட்டும்.

வியாழக்கிழமை காலையில் என்னைத் திரை முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் ஃபிலிப்பைன்ஸில் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். அவளுக்கு வேலையைக் காட்டிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் அங்கிள் இருந்து நான் சொன்னதை இங்கிலீஷில் சொன்னார்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படச் சொல்கிறவர்கள் உண்டு. அவள் வந்து என் நாற்காலியைப் பிடுங்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள். தடிப் புத்தகத்தைக் காட்டினேன். பென்சில் குறிப்புகளையும் காட்டினேன். நாங்கள் சேர்த்த குறிப்பும் அதில் இருந்தது. தேதியைப் பார்த்துப் போடு என்றேன். தங்கள் ஊரிலும் மாதம்தான் முதலில் வரும் என்று சொல்லிச் சிரித்தாள். அப்படியானால் அவளுக்கு அந்தத் தப்பு வராது. வேறு தப்பு வரும்.

கடைசியில் அங்கிளிடம் ஒன்று சொல்லச் சொன்னேன். ஒரு நாள் உன்னிடமும் காரணம் கேட்பார்கள், அவர்கள் அடித்து வைத்ததை அப்படியே அமுக்காதே என்று. அங்கிள் மேனேஜர் நிற்கிற பக்கம் பார்த்தார். சொல்லாமல் விடுவார் என்று நினைத்தேன். சொன்னார். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினாள்.

மத்தியானம் எச்.ஆர். மேடம் கோவண்டிக்காரியைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். திரைச்சீலையை இறக்கினார்கள். வெகு நேரம். வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சொன்னாள்.

"யக்கா, மேல் மாடில ஒரு சீட்டு தாராவளாம். வேற வேலை. சொந்த விருப்பம்னு அமுக்கினா திங்கக்கிழமைலேருந்து வரலாமாம்."

நான் நடந்தேன்.

"ஒனக்கு மட்டும்னு சொன்னாவ."

என்ன சொல்ல. நீ அமுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. என் வீட்டில் டெம்போ ஓடுகிறது. அவள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. அமுக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் ஒருத்தி விலகினால் அவளைக் காட்டியே மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிடுவார்கள். மேல் மாடியில் பத்து சீட்டு கிடையாது. ஒன்றுகூட இருக்கிறதோ என்னவோ.

"ஒன் இஷ்டம் பிள்ள" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே."

"நான் என்ன அடிக்கேன்னு ஒனக்குத் தெரியும்."

அவள் வண்டி முதலில் வந்தது. ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை. செம்பூர்க்காரன் சொன்னபடி புதன்கிழமையே போயிருந்தான். அவன் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பிறகு பாரம் எதுவும் வரவில்லை. கணினியில் அந்தப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. மேனேஜர் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மேடம் கதவருகே நின்றார். பேசக் கூடாது என்றார்கள். எங்களுக்கு அது புதிதா.

கட்டத்தில் இருந்ததை அழித்தேன். என் வரியை அடித்தேன். ஒரு தடவை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அமுக்கினேன்.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் போட்டதை அப்படியே அனுப்புகிறவளுக்கு ஒரு தட்டுப் போதும். அழித்து எழுதுகிறவளுக்கு நிறையத் தட்டு வேண்டும். தூண் பக்கம் கேட்கப் பார்த்தேன். எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரி சத்தம் போட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை. ஏழு வருஷம் அவள் கை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் தெரியவில்லை.

சத்தம் நின்றது.

மேனேஜர் தன் கணினியில் பார்த்தார். மேடத்தைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிரிண்ட் கொடுத்தார்கள். பிரிண்டர் அங்கிள் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. காகிதங்களை எடுத்துத் தரும்படி மேனேஜர் சொன்னார்.

அங்கிள் எடுத்தார். தரவில்லை. பழக்கம். முதல் காகிதத்தை இடது கையில் வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் பிடித்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து, குப்புற வைத்தார். மேலே சீட் நம்பர் போட்டிருக்கும். ஒரு காகிதத்தில் அதிக நேரம் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பொருந்தறது" என்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் என்ன ஆனது என்றால், மேனேஜர் இரண்டு வாரம் முறைத்தார். தேதியை யார் பேரிலும் பதியவில்லை. மாதக் கடைசியில் கம்பெனிதான் எங்களை நிறுத்தியது என்று எழுதி, வருஷக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். பெரிய பணம் ஒன்றும் இல்லை. மேல் மாடியில் கோவண்டிக்காரிக்கு இடம் தரவில்லை. அவள் இப்போது மான்கூர்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். நான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பேர் பதிகிறேன். ஒரு கைதான். இரண்டாம் கை கிடையாது. எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இதெல்லாம் தெரியாது. அங்கிள் காகிதங்களைத் தட்டி நேராக்கி மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் வாங்கி ஒரு தடவை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். எத்தனை பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மேடம் கதவருகிலிருந்து கேட்டார்.

பத்து.